பிள்ளைவளர்ப்பில் யாருக்கு எத்தனை நிமிடம்?

2024-இல் தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் களப்பணியாளர்கள் நாடெங்கும் சுமார் 1.39 லட்சம் வீடுகளுக்குப் போனார்கள். ஆறு வயது நிரம்பிய ஒவ்வொருவரும் முந்தின நாள் விடிகாலை 4 மணியிலிருந்து 24 மணி நேரமும் என்ன செய்தார் என்று அரைமணி அரைமணியாகக் கேட்டு எழுதினார்கள்.

வீட்டில் இருப்பவர்களைப் பராமரிக்க 15 முதல் 59 வயதுவரையிலான பெண்கள் நாளுக்கு 140 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 74 நிமிடம் என்றது முடிவு. முதியோரையும் நோயாளிகளையும் கவனிப்பது இதில் சேர்ந்தாலும், பெரும்பங்கு பிள்ளைகளுக்குத்தான். ‘பரவாயில்லை, ஆண்களும் பாதியாவது செய்கிறார்களே’ என்று தோன்றும். ஆனால் அந்த 74 நிமிடம், அன்றைக்கு அந்த வேலையில் கைவைத்த ஆண்களின் சராசரி மட்டுமே. அப்படிக் கைவைத்தவர்கள் நூற்றுக்கு 21.4 பேர், பெண்களில் 41 பேர். தொடாதவர்களையும் சேர்த்து வகுத்துப் பார்த்தேன். ஆணுக்கு 16 நிமிடம், பெண்ணுக்கு 57. மூன்றரை மடங்குக்கும் மேல்! 2019-இல் நடந்த இதே கணக்கெடுப்பிலும் விகிதம் கிட்டத்தட்ட இதேதான்.

இதுவும் குறைத்துக் காட்டும் கணக்கு என்றே நினைக்கிறேன். குழம்பு கொதிக்கும்போதே தவழும் பிள்ளைமேல் ஒரு கண் வைத்திருப்பவளிடம் கேட்டால், “சமைச்சுக்கிட்டிருந்தேன்” என்றுதான் சொல்வாள். தடுப்பூசி என்றைக்கு, சீருடை காய்ந்ததா என்று மனதில் சுமப்பதற்கு எந்தக் கட்டத்திலும் இடமில்லை.

எனக்குப் பெரிய குறை வேறு. சராசரி என்பது எல்லா வீட்டையும் ஒரே பானையில் போட்டுக் கலக்கிவிடுகிறது. சரிபாதி பகிரும் வீடுகள் எத்தனை? அப்பா பிள்ளையைத் தொடவே தொடாத வீடுகள் எத்தனை? பாட்டி கூட இருக்கும் வீட்டில் குறைவது அம்மாவின் பாரமா, அப்பாவின் பாரமா?

இதை அறியப் புதிய கணக்கெடுப்பு வேண்டியதில்லை. ஒரே வீட்டுக் கணவன் மனைவி இருவரின் நாளும் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது. ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ள வீடுகளைப் பிரித்தெடுத்து, இருவர் நிமிடங்களையும் அருகருகே வைத்து, மாநிலவாரியாக வெளியிட வேண்டும். 1998-99-இல் இத்தகைய நேரக் கணக்கெடுப்பு முன்னோட்டமாக ஆறு மாநிலங்களில் நடந்தது; தமிழ்நாடும் அவற்றில் ஒன்று. இந்த அட்டவணையையும் தமிழ்நாடே முதலில் போடலாம்.