கையால் வனைந்த சாப்பாட்டுத் தட்டு

தட்டின் அடிப்பக்கத்தைக் கவனியுங்கள். அடிவளையத்தில் மட்டும் மெருகு இல்லை; சொரசொரப்பான மண் தெரிகிறது. அங்கேயும் மெருகு பூசியிருந்தால் சூளையில் அது உருகி, தட்டு அதை வைத்த சூளைப் பலகையோடு ஒட்டிக்கொண்டிருக்கும்.

இந்தியாவில் இப்படி மெருகிட்டுச் சுட்ட ஸ்டோன்வேர் பாத்திரம் பரவக் காரணமானவற்றுள் முக்கியமானது புதுச்சேரியின் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி. அமெரிக்கர்களான ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971இல் தொடங்கிய பட்டறை. ஸ்டோன்வேர் மண்ணைச் சுமார் 1,300 டிகிரி செல்சியஸில் சுட்டால் கல்லாக இறுகிவிடும்; ரசம் ஊற்றினாலும் உள்ளே ஊறாது. கண்ணாடி அலமாரியில் பூட்டிவைக்கும் சாமானல்ல. தட்டு, கிண்ணம், தேநீர்க் குடுவை என்று தினமும் கழுவிப் புழங்குவது. சுற்றுவட்டாரத்தவர்கள் அங்கே வேலை கற்றார்கள். பயின்றவர்கள் பலர் தனிப் பட்டறை போட்டார்கள். ‘பாண்டிச்சேரி பாட்டரி’ என்பது இன்று ஒரு கடையின் பெயரல்ல, ஊரின் முத்திரை. எந்த விளம்பரமும் இதைச் சம்பாதித்துத் தந்திருக்காது.

மலேசியாவில் நம் ஜொகூருக்கும் சூளை புதிதல்ல. இங்கும் சிங்கப்பூரிலும் சீனக் குயவர்கள் மலைச்சரிவில் நீளமாகக் கட்டிய டிராகன் சூளைகளில், ரப்பர்ப் பால் பிடிக்கும் மங்குகளும் வெந்தன. தோட்டங்களில் அவற்றை நிறைத்த கைகளில் தமிழர் கைகளும் உண்டு. பாசிர் கூடாங்கிலிருந்து வடக்கே போகிறவர்கள் ஆயர் ஹீத்தாமில் இறங்கினால் பீங்கான் கடைகளைப் பார்க்கலாம்.