கேன்டர்: திருப்பயணிகள் தந்த ஒரு சொல்



கிரிக்கெட் வர்ணனை கேட்டுக்கொண்டிருந்த நம் பீடச்சிறுவன் ஒருவன், "சாமி, 'வின் அட் எ கேன்டர்'னு சொல்லுதாங்களே, கேன்டர்னா லாரிதானே?" என்று கேட்டான். அந்தப் பெயரில் சரக்கு வண்டி ஓடுவது உண்மைதான். ஆனால் சொல்லின் பிறப்பு வேறு.

கேன்டர் என்பது ஆங்கிலத்தில் குதிரையின் ஓட்டத்தைக் குறிக்கும் சொல். நாலுகால் பாய்ச்சல் அல்ல. அதைவிட மெதுவான, மூன்று தாளத்தில் குளம்பு ஒலிக்கும் ஓட்டம். மூச்சிரைக்காமல் எளிதாக வெல்வதை இன்று அப்படிச் சொல்கிறார்கள். நம் முன்னோர் குதிரையின் கதிகளுக்கு மயில், குரங்கு என்று பெயர் வைத்தார்கள். ஆங்கிலேயரோ இதற்கு ஒரு திருத்தலத்தின் பெயரை வைத்தார்கள்.

1170 டிசம்பர் 29 அன்று கேன்டர்பரி பேராயர் புனித தாமஸ் பெக்கட் தம் பேராலயத்துக்குள்ளேயே வெட்டிக் கொல்லப்பட்டார். மன்னர் இரண்டாம் ஹென்றியின் வீரர்கள் நால்வர் செய்த செயல் அது. 1173-இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். அவருடைய கல்லறையைத் தேடி மக்கள் குதிரையிலும் கால்நடையாகவும் வந்தார்கள். அவசரமில்லாத அந்தப் பயணத்தின் நினைவாகவே 'கேன்டர்பரி பாய்ச்சல்' என்ற பெயர் எழுந்தது. பின்பு அது 'கேன்டர்' என்று சுருங்கியது. (உண்மையில் லண்டனிலிருந்து ஏறக்குறைய 95 கிலோமீட்டர். அத்தனை தூரமும் எந்தக் குதிரையும் அப்படி ஓடாது. பெரும்பாலும் நடத்தியே போயிருப்பார்கள்.)

வியப்பு என்னவென்றால், 1538-இல் எட்டாம் ஹென்றி அந்தத் திருக்கல்லறையை இடித்துவிட்டார். திருப்பயணமும் நின்றது. 'கேன்டர்பரி பாய்ச்சல்' என்ற பேச்சு நமக்கு எழுத்தில் கிடைப்பதோ அதற்கும் நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, 17-ஆம் நூற்றாண்டில்தான். கல்லறை போயிற்று, பயணிகளின் வேகம் மக்கள் வாயில் தங்கிவிட்டது.

நம் வேகம் எது? சில ஆண்டுகளுக்கு முன் விண்ணேற்புப் பெருவிழாவுக்காகக் காமநாயக்கன்பட்டி பரலோக மாதா திருத்தலத்துக்குப் பாதயாத்திரை போனோம். தாமிரபரணிப் பாலத்தைக் கடந்ததும் கொடி பிடித்த இளைஞர்கள் வேகமெடுத்தார்கள். நானும் அவர்களோடு நடந்தேன், அது என் தவறு. கயத்தாறில் எண்ணிப் பார்த்தால் ஒரு பாட்டியைக் காணவில்லை. திரும்பிப் போய்த் தேடினோம். பாதம் கொப்பளித்து ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். "மெதுவா வாரேன் சாமி. மாதா எங்க போயிரப் போறா?" என்றார்.

மறு ஆண்டு கொடியை அவர் கையிலேயே கொடுத்து முன்னே நடக்கவிட்டோம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது திருப்பலியில் நற்கருணை வழங்கிக்கொண்டிருந்தார்கள்.