சுற்றும் வட்டம்... நிற்கும் படம்!

2023 ஆகஸ்ட் 23, மாலை 6:04 மணி. நிலாவின் தென்துருவப் பகுதியில் பத்திரமாக இறங்கியது, 'சந்திரயான் - 3' விண்கலத்தின் விக்ரம் லேண்டர். 'இஸ்ரோ'வின் யூ-டியூப் நேரலையில் மட்டும், ஒரே நேரத்தில் 80 லட்சத்துக்கும் அதிகமானோர் இதைப் பார்த்தனர்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது குட்டீஸ்! நிலா, நம் பூமியிலிருந்து சுமார் 3 லட்சத்து 84 ஆயிரம் கி.மீ. தூரத்தில் இருக்கிறது. அங்கிருந்து ரேடியோ அலை பூமிக்கு வந்து சேர, 1.3 நொடி போதும். ஆனால், பெங்களூரு கட்டுப்பாட்டு அறையில் விஞ்ஞானிகள் கைதட்டிய காட்சி, மொபைல் போனுக்கு வந்து சேர 20, 30 நொடி கூட ஆகலாம்!

நிலாவை விட பெங்களூரு தூரமா என்ன? காரணம் வேறு. அது புரிந்துவிட்டால், கிரிக்கெட் மேட்சில் கடைசி ஓவரின்போது படம் நின்று, நடுவில் வட்டம் சுற்றினால் என்ன செய்ய வேண்டும் என்பதும் புரிந்துவிடும்.

இட்லி போல வரும் படம்!

டிஷ் ஆண்டெனாவுக்கு வரும் படம், குழாயில் தண்ணீர் வருவது போல, நிற்காமல் வந்துகொண்டே இருக்கும். இன்டர்நெட் நேரலை அப்படி அல்ல. படத்தைச் சில நொடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றாக அனுப்புகின்றனர். 2009ல் 'ஆப்பிள்' நிறுவனம் அறிமுகப்படுத்திய எச்.எல்.எஸ். என்ற முறை, இன்று உலகம் முழுக்கப் பயன்படுகிறது. அதில், ஒரு துண்டுக்கு 6 நொடி என்பது அந்த நிறுவனம் சொல்லும் கணக்கு.

வீட்டில் இட்லி சாப்பிடுவதை நினைத்துப் பாருங்கள். ஓர் ஈடு வெந்து இறங்கினால்தான் தட்டுக்கு வரும். தட்டில் இருப்பதை நாம் சாப்பிடும்போது, அடுத்த ஈடு வெந்துகொண்டு இருக்கும். நேரலையிலும் இப்படித்தான். இரண்டு, மூன்று துண்டுகளைக் கையிருப்பாக வாங்கி வைத்துக்கொண்டு தான், நம் போன் படத்தைக் காட்டவே தொடங்கும். 6 நொடித் துண்டு மூன்று என்றால், 18 நொடி ஆகிவிட்டதே! டிஷ் வைத்திருக்கும் பக்கத்து வீட்டில், 'சிக்ஸர்' என்று முதலில் கத்துவது இதனால்தான். இதைச் சரிசெய்ய முயல வேண்டாம். இது கோளாறே அல்ல.

தட்டில் இருந்தது தீர்ந்து, அடுத்த ஈடு இன்னும் வரவில்லை என்றால்? காத்திருக்கத்தான் வேண்டும். அந்தக் காத்திருப்புதான் சுற்றும் வட்டம். 'பஃபரிங்' என்று சொல்கிறோமே, அதுதான்.

படம் திடீரென மங்கலாவதும் உண்டு. ஒரே துண்டை பெரியது, நடுத்தரம், சிறியது என்று பல அளவுகளில் தயாரித்து வைத்திருப்பர். நெட் மெதுவானால், போன் சிறிய துண்டைக் கேட்டு வாங்கும். படம் நிற்காமல் ஓட, அது செய்யும் தந்திரம் இது.

அடுப்பா, பாதையா, தட்டா?

இட்லி வரவில்லை என்றால், தவறு மூன்று இடங்களில் இருக்கலாம். அடுப்பில், கொண்டு வரும் பாதையில் அல்லது தட்டில். நேரலைக்கு அடுப்பு, படத்தை அனுப்பும் நிறுவனம். பாதை, இன்டர்நெட். தட்டு, உங்கள் போன் அல்லது டிவி. எல்லா பட்டனையும் ஒரே நேரத்தில் அமுக்கினால், தவறு எங்கே என்று கடைசி வரை தெரியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சோதியுங்கள்.

முதலில் அடுப்பு: அதே போனில், வேறு ஓர் ஆப்பில் வீடியோ ஓடுகிறதா? ஓடினால், நெட் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. பக்கத்து வீட்டு போனிலும் அதே நேரலை நிற்கிறது என்றால், சிக்கல் நிறுவனத்தின் பக்கம். 2023 நவம்பர் 19ல், ஆமதாபாத்தில் நடந்த உலகக் கோப்பை கிரிக்கெட் இறுதிப் போட்டியை, 'ஹாட்ஸ்டார்' ஆப்பில் ஒரே நேரத்தில் 5.9 கோடி பேர் பார்த்தனர். இத்தனை பேர் ஒரே அடுப்பை நோக்கி வந்தால் என்ன ஆகும்? இதற்காகவே, பல ஊர்களில் உள்ள கம்ப்யூட்டர்களில் துண்டுகளின் நகல்களை வைத்து அனுப்புகின்றனர். அதையும் மீறி நெரிசல் ஏற்பட்டால், சற்று நேரம் காத்திருப்பதே வழி.

அடுத்து பாதை: தெளிவான எச்.டி. படத்துக்கு, சுமார் 5 எம்.பி.பி.எஸ். வேகம் வேண்டும். டாக்டர் படிப்பு இல்லை குட்டீஸ்... ஒரு நொடியில் எவ்வளவு தகவல் வருகிறது என்பதன் அளவு! நடுத்தரமான 3 எம்.பி.பி.எஸ். படம் என்றாலே, ஒரு மணி நேரத்தில் 1.35 ஜி.பி. டேட்டா தீர்ந்துவிடும். தினமும் 1.5 ஜி.பி. தரும் ரீசார்ஜில், முழு மேட்ச் பார்க்க முடியாது. டேட்டா தீர்ந்ததும், பல திட்டங்களில் வேகம் 64 கே.பி.பி.எஸ். ஆகக் குறைந்துவிடும். அதில் வீடியோ ஓடவே ஓடாது. எனவே, மீதி டேட்டா எவ்வளவு என்று பாருங்கள். வீடியோ தரத்தைக் குறைத்து வையுங்கள்.

வைபை என்றால், ரூட்டர் இருக்கும் அறைக்குப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். நடுவில் இருக்கும் சுவர்கள் அலையைத் தடுக்கும். வேறு யாராவது பெரிய படம் டவுன்லோடு செய்கின்றனரா என்றும் கேளுங்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால், பெரியவர்களிடம் சொல்லி, ரூட்டரை அணைத்து, அரை நிமிடம் கழித்துப் போடச் சொல்லுங்கள். எல்லா விளக்குகளும் எரிய, இரண்டு, மூன்று நிமிடங்கள் ஆகும். பொறுமை வேண்டும்!

கடைசியில் தட்டு: ஆப்பை முழுதாக மூடித் திறங்கள். பிறகு, போனையோ, டிவியையோ அணைத்துப் போடுங்கள். புதிய அப்டேட் வந்திருக்கிறதா என்று பாருங்கள். தேதி, நேரம் தவறாக இருந்தாலும் சில ஆப்கள் திறக்காது, அதையும் கவனியுங்கள். ஆண்ட்ராய்டு போனில், 'கிளியர் கேஷ்' செய்து பார்க்கலாம். ஆனால், அருகிலேயே இருக்கும் 'கிளியர் டேட்டா'வைத் தொடாதீர்கள். தொட்டால், மறுபடி லாகின் செய்ய வேண்டி வரும். போன் கொதித்தால், சார்ஜரைக் கழற்றி, கொஞ்ச நேரம் ஆறவிடுங்கள். சூடான போன் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

படம் ஓடுகிறது, ஆனால் மிகவும் பின்தங்கி இருக்கிறதா? திரையில், 'லைவ்' என்று எழுதியிருக்கும் இடத்தைத் தொடுங்கள். புதிய துண்டுக்குத் தாவிவிடும்.

உஷார்... உஷார்!

படம் நின்ற கோபத்தில் பலர் செய்யும் காரியம், 'கஸ்டமர் கேர்' நம்பரை இன்டர்நெட்டில் தேடுவது. அங்கேதான் திருடர்கள் காத்திருக்கின்றனர். போலி நம்பர்களைப் போட்டு வைத்து, 'உடனே சரிசெய்கிறோம். இந்த ஆப்பை ஏற்றுங்கள், ஓ.டி.பி. சொல்லுங்கள்' என்பர். சொன்னால், வீட்டாரின் வங்கிக் கணக்கே காலியாகலாம். நின்றுபோன மேட்ச், நாளை ஹைலைட்சில் வரும். போன பணம் வருவது கடினம்.

உதவி தேவையென்றால், அந்த ஆப்பின் உள்ளேயே இருக்கும் உதவிப் பகுதிக்குத்தான் போக வேண்டும். 'இலவசமாக மேட்ச் பார்க்கலாம்' என்று வரும் லிங்க்கையும் தொடாதீர்கள். தவறிப்போய் யாராவது பணத்தை இழந்துவிட்டால், பயந்து மறைக்க வேண்டாம். பெரியவர்களிடம் சொல்லி, உடனே 1930 என்ற எண்ணுக்கு போன் செய்யச் சொல்லுங்கள். இது, இந்தியா முழுதுக்குமான சைபர் குற்ற உதவி எண். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தைத் தடுத்து நிறுத்த அவ்வளவு வாய்ப்பு உண்டு.

அடுத்த முறை வட்டம் சுற்றும்போது, தாத்தாவும், பாட்டியும், 'டிவி கெட்டுப்போச்சு' என்று கவலைப்படுவர். ரிமோட்டைத் தட்டாமல், 'அடுப்பா, பாதையா, தட்டா?' என்று மூன்றே கேள்வி கேளுங்கள். அப்புறம் பாருங்கள்... வீட்டுக்கு நீங்கள்தான் இன்ஜினியர்!