ராணி வந்தால் பஞ்சாரம் காலி!

'பிராய்லர் வேண்டாம், நாட்டுக்கோழிதான் வேணும்' என்று ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் அடம்பிடிக்கிற ஆபீஸ் நண்பர்களே! அந்தக் கோழிக்கு யாரைக் கண்டால் குலைநடுங்கும், தெரியுமா? பருந்து இல்லை. ராணிக்கெட்!

குமாவூன் மலையில் இருக்கிற ஊர் அது. 1926-ல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாஸிலிலும் தலைகாட்டிய கோழி நோய், அடுத்த ஓரிரு வருடத்தில் அங்கே பிடிபட்டது. ஊர்ப் பெயரே நோய்ப் பெயராச்சு. நம் கிராமத்தில் 'வெள்ளைக் கழிச்சல்' என்பார்கள். நேற்றுவரை குப்பையைக் கிளறின சேவல், இறக்கையைத் தொங்கப்போட்டுத் தூங்கி விழும். வெள்ளையும் பச்சையுமாய்க் கழியும். கொஞ்சம் தாக்குப்பிடித்தால் கழுத்து முறுக்கிக்கொள்ளும். தடுப்பூசி போடாத கோழிகள் என்றால் மொத்தப் பஞ்சாரமும் காலியாகலாம். வந்தபின் மருந்தே கிடையாது. சின்ன வெங்காயம், மிளகு, மஞ்சள் எல்லாம் குழம்புக்குத்தான் உதவும்!

பேன், குடற்புழு, உண்ணி எல்லாம் சில்லறைத் திருடர்கள். உண்ணிக்கு நைட் ஷிஃப்ட். ராத்திரி ரத்தம் குடித்துவிட்டு, விடிவதற்குள் கூண்டு இடுக்கில் போய் ஒளிந்துகொள்ளும். கோழியைப் பகலில் புரட்டிப் பார்த்துப் பிரயோஜனமில்லை. கூண்டு விரிசலைப் பூசணும்.

ராணிக்கெட்டுக்குத் தடுப்பூசி இல்லையா? பேஷாக இருக்கிறது. குஞ்சுக்கு 7-ம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. 8-வது வாரம் இறக்கைக்கடியில் ஊசி. அப்புறம் என்ன தடை? கணக்குதான் சார்! (பி.காம். புத்தி எங்கே போகும்?) மருந்துக்குப்பி நூறு கோழி கணக்கில் வருகிறது. வீட்டில் இருப்பதோ பத்து. குப்பி ஐஸிலேயே இருக்கணும். கலக்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டுத் தீர்க்கணும். பத்துக் கோழிக்காக எவர் ஐஸ் பெட்டியோடு பஸ் ஏறுவார்? பத்து வீடு சேர்ந்தால் கணக்கு நேராகிவிடும். ஆனால், நம்மூரில் பத்து வீட்டைச் சேர்ப்பதற்குள் கோழிக்கே வயசாகிவிடும்! கோடைக்கு முன்னால், பிப்ரவரி வாக்கில், கால்நடைத் துறை கிராமங்களில் இலவச முகாம் போடுவது இதற்காகத்தான். ஊரில் இருக்கும் அம்மாவுக்கு ஒரு போன் போட்டு ஞாபகப்படுத்துங்கள்.

ஊசிக்குச் சேராத ஊர், நோயைப் பரப்ப மட்டும் ஒற்றுமையாகச் சேரும். ஒரு கோழி தூங்க ஆரம்பித்ததுமே, "அண்ணே, நல்ல வெடைக்கோழி, விலை குறைச்சுத் தர்றேன்" என்று மிச்சத்தைச் சந்தைக்கு ஓட்டிவிடுவார்கள். கோழியோடு கிருமியும் பயணம். கூடையிலும் செருப்பிலும் ஒட்டிக்கொண்டுகூடப் போகும். செத்ததை வாய்க்காலில் வீசினால் அடுத்த தெருவுக்கும் சப்ளை. ஆழக் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைக்கணும்.

புதுசாக வரும் கோழியை இரண்டு வாரமாவது தனிப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வையுங்கள். மாமியார் வீட்டிலிருந்து வந்ததாக இருந்தாலும் சரி!