கிட்டங்கியைக் கடந்து கலாசாலைக்கு

உயர்தரப் பரீட்சையின் வெட்டுப்புள்ளிகள் வெளியாகும் நாளில் நாவிதன்வெளியின் தேநீர்க் கடைகளில் வேறு பேச்சு எழுவதில்லை. வயலிலிருந்து திரும்பும் பெரியவர் மண்வெட்டியைத் தோளிலிருந்து இறக்காமலே நின்று, "யாருடைய பிள்ளைக்கு என்ன கிடைத்தது?" என்று கேட்பார். கிடைத்தவர் வீட்டிற் சர்க்கரைப் பொங்கல். கிடைக்காதவர் வீட்டிற் கதவு சாத்தியிருக்கும். இவ்விரண்டு வீடுகளுக்கும் இடையே உள்ள தூரம் பல சமயங்களிற் புள்ளிகளின் தூரமன்று, செய்தியின் தூரமேயாம் என்பதை ஆசிரியத் தொழிலிற் கழிந்த ஆண்டுகள் எமக்குக் கற்பித்திருக்கின்றன. அதனை வாசக நேயர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எமது பகுதி பெரும்பாலும் 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் நீரால் வளர்ந்த பகுதி. பெயர் சூட்ட நேரமின்றிப் போயிற்றோ என்னவோ, ஏழாம் கிராமம், பதினைந்தாம் கிராமம் என்று இலக்கங்களே ஊர்ப் பெயர்களாக நின்றுவிட்டன. கல்முனைக்கும் எமக்கும் நடுவே கிட்டங்கி. மாரி பெருத்தால் அவ்வீதி நீருக்குள் மூழ்கிவிடும். 2024 நவம்பரிற் பெய்த பெருமழையில் நாடு முழுவதும் உயர்தரப் பரீட்சையையே இடைநிறுத்த நேர்ந்தது. அந்நாட்களிலேதான், எமக்கு அண்மையிலுள்ள மாவடிப்பள்ளியில், மத்ரஸா மாணவரை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரம் வெள்ளத்திற் கவிழ்ந்து இளம் பிள்ளைகள் உயிரிழந்தனர். கல்வி கற்கப் போய் வருவது என்பது எம்மவர்க்கு வெறும் சொல்லன்று.

முன்னாளிற் பல்கலைக்கழகமே இந்நாட்டில் இருக்கவில்லை. காரைதீவிற் பிறந்த மயில்வாகனனார், பின்னர் சுவாமி விபுலாநந்தர் என உலகு அறிந்தவர், இலண்டன் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்ஸி. பரீட்சைக்கு இங்கிருந்தபடியே படித்துத் தேறினார். அவரே 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தார். எமது ஊரிலிருந்து அவர் பிறந்த ஊர் அதிக தொலைவன்று.

இன்றைய மாணவனுக்கு வடக்கே வந்தாறுமூலை, தெற்கே ஒலுவில் என இரு திசையிலும் கலாசாலைகள் உண்டு. கிழக்குப் பல்கலைக்கழகம் 1981இற் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி, 1986இல் முழுப் பல்கலைக்கழகமாயிற்று. தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கதை போர்க்காலக் கதை. வீதிகள் மூடப்பட்டு, எம்பகுதி மாணவர் அயல் வளாகங்களிற் கற்க இயலாது அல்லலுற்ற வேளையில், அமைச்சர் எம். எச். எம். அஷ்ரப் அவர்களின் முயற்சியால் 1995 ஒக்டோபரிற் கல்லூரியாகத் தொடங்கி, 1996 மே மாதத்திற் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. கலை, முகாமைத்துவம், இஸ்லாமியக் கற்கை, பொறியியல், தொழினுட்பம் ஆகிய பீடங்கள் ஒலுவிலிலும், பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையிலும் இயங்குகின்றன. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே விரிவுரை மண்டபத்தில் அமர்ந்திருக்கும் காட்சியை அங்கே காணலாம்.

பல்கலைக்கழகம் என்றால் பட்டம் மட்டுமே என்று எண்ணும் பெற்றோர்க்கு ஒரு பழைய செய்தியை நினைவூட்ட விரும்புகின்றோம். 1960களிற் பேராதனையிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்பு நாட்டுக்கூத்தை மாணவரைக் கொண்டு மேடையேற்றினார். கோயில் முன்றிலில், வட்டக் களரியில் விடிய விடிய ஆடப்பட்ட கூத்து, சில மணி நேரத்துக்குள் அடங்கும் நாடகமாயிற்று. கர்ணன் போர், நொண்டி நாடகம், இராவணேசன், வாலிவதை என ஒன்றன்பின் ஒன்றாக அவை வந்தன. இராவணேசனில் இராவணனாக ஆடியவர் கிழக்கிலிருந்து சென்ற மாணவரான சி. மௌனகுரு. அவரே பிற்காலத்திற் கிழக்குப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராகி, அக்கலையை அடுத்த தலைமுறைக்குக் கையளித்தார். தம்மூர்க் கூத்தைப் பாமரர் ஆட்டம் என்று மறைத்து வைத்திருந்த பிள்ளைகள், பேராதனை அரங்கிற் கரகோஷம் எழுந்தபோது என்ன நினைத்திருப்பார்கள்! வளாகத்து விழாக்களை நேரவிரயம் என்று ஒதுக்கும் மாணவர் இதனைச் சிந்திக்கவேண்டும். தமிழ்ச் சங்கம், நாடகக்குழு, ஒலுவிலில் ஆண்டுதோறும் கூடும் ஆய்வரங்கு யாவும் பாடத்திட்டத்திற்கு வெளியே நிற்கும் வகுப்பறைகளேயாம்.

இனி அனுமதி பற்றிய கதைக்கு வருவோம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் முறைப்படி, இடங்களில் 40 வீதம் வரை அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் வரை மாவட்டங்களின் சனத்தொகைக்கு ஏற்பவும், 5 வீதம் வரை கல்வி வசதியிற் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் பகிரப்படுகின்றன. அம்பாறை அப்பதினாறில் ஒன்று. ஒரு மாணவன் எம்மாவட்டத்தவன் எனக் கொள்ளப்படுவது, பரீட்சைக்கு முந்திய ஆண்டுகளில் அவன் கற்ற பாடசாலையைக் கொண்டேயாம். நகரத்துப் பெரிய பாடசாலை என்ற மோகத்தாற் பிள்ளையை வேறு மாவட்டத்திற்கு அனுப்பும் தந்தை இவ்வொதுக்கீட்டை இழக்கின்றார் என்பதை எத்தனை பேர் அறிவர்?

விருப்பத்தெரிவு வரிசையே மற்றைய கண்ணி. புள்ளி எட்டும் நெறிகளுள் மாணவன் வரிசையில் மேலே எழுதியதே அவனுக்குக் கிடைக்கும். விரும்பாத ஒன்றை மேலே எழுதினால் விரும்பியது கைநழுவும். விண்ணப்பம் இணையவழியே செய்யப்படுவதால், எமது பிள்ளைகள் சந்தியிலுள்ள கொமினிகேஷன் கடைக்கு ஓடுகின்றார்கள். அங்கே அமர்ந்திருக்கும் தம்பி நல்லவர்தாம். ஆயினும் ஒரு பிள்ளையின் வாழ்நாளை வரிசைப்படுத்தும் பொறுப்பை, பின்னால் ஐவர் காத்துநிற்கும் அவசரத்தில், அவரிடம் விட்டுவிடுதல் தகுமோ? கையேட்டை வீட்டில் வைத்து, ஆசிரியர் ஒருவரோடு அமர்ந்து, பென்சிலால் எழுதி அழித்துத் திருத்திய பின்பே கடைக்குச் செல்லுதல் வேண்டும்.

எம்மிடம் கற்ற மாணவி ஒருத்தி நன்றாகப் பாடுவாள். கல்லடியிலுள்ள சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திற் சங்கீதம் கற்கவேண்டும் என்பது அவள் கனவு. அத்தகைய நெறிகளுக்கு உயர்தரப் புள்ளி மட்டும் போதாது. தனியே விண்ணப்பித்துச் செயன்முறைத் தேர்வுக்கும் தோற்றவேண்டும். அறிவித்தல் வெளிவந்தபோது எமது பாடசாலை விடுமுறையிற் பூட்டியிருந்தது. பத்திரிகை எம் வீட்டு மேசையிலேயே கிடந்தது. நாம் பார்த்திருக்கவேண்டும், பார்க்கவில்லை. முடிவுநாள் கடந்து பத்து நாட்களின் பின் அவள் வந்து, "சேர், அதற்கு எப்போது கூப்பிடுவார்கள்?" என்று கேட்டாள். அக்கேள்விக்கு விடை கூற எமக்கு நா எழவில்லை. அவள் மறுமுறை பரீட்சை எழுதினாள். அந்த ஓராண்டும் அவள் தந்தையார் கூலிக்கு வேளாண்மை வெட்டினார்.

பணமில்லை என்ற காரணத்தாற் பின்வாங்க வேண்டியதில்லை. 1981இல் லலித் அத்துலத்முதலி தொடக்கிய மகாபொல நிதியமும், குறைந்த வருமானக் குடும்பத்தார்க்கான உதவிப்பணமும் உண்டு. மகாபொல மாதத்தொகையை 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆக்கும் முன்மொழிவு 2025 வரவு செலவுத் திட்டத்தில் வந்தது. இந்திய அரசின் நேரு நினைவுப் புலமைப்பரிசில் பட்டப்படிப்புக்கும், மௌலானா ஆசாத் புலமைப்பரிசில் முதுநிலைப் படிப்புக்கும் வழி செய்கின்றன. இடம் கிடையாதோர்க்கு அட்டாளைச்சேனைத் தேசிய கல்விக் கல்லூரி, சம்மாந்துறை உயர் தொழினுட்ப நிறுவனம், திறந்த பல்கலைக்கழகம் என வேறு வாசல்களும் உள. ஆங்கிலத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை; ஒலுவிலில் இறங்கிய முதல் வாரத்தில் அதன் தேவை தானாகவே விளங்கிவிடும். பகிடிவதைக்கு அஞ்சும் பெற்றோர், 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அதனைக் குற்றமாக்கியிருப்பதை அறிந்திருத்தல் நலம். சட்டம் இருந்தும் அது முற்றாக ஒழிந்துவிடவில்லை. ஆகவே, "எல்லாரும் தாங்கியதுதானே" என்று பிள்ளைக்குப் புத்தி சொல்லாதீர்கள்.

எமது மாணவி இப்போது கல்லடியில் இரண்டாம் ஆண்டு பயில்கின்றாள். எமது வாசிகசாலையின் நாட்காட்டிக்கு அருகே ஒரு பலகை மாட்டியிருக்கின்றோம். விடுமுறை நாளிலும் கதவைத் திறந்து, பத்திரிகை அறிவித்தல்களை வெட்டி அதிலே ஒட்டுகின்றோம். சென்ற கிழமை ஒட்டிய துண்டின் ஓரத்தில், யாரோ இருவர் தம் பெயர்களைப் பென்சிலால் எழுதிவிட்டுப் போயிருக்கின்றார்கள்.