தண்ணியில்லாக் காட்டில் தங்கம் புடைக்கிறார்கள்!

ஷட்டரைப் பாதிதான் தூக்கியிருக்கு, குனிஞ்சு வாங்க. அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில், குவார்ட்சைட் ஊரில் ஒரு கராஜ். மேஜை மேல் பழைய கார் வைப்பர் மோட்டார், அறுத்த பிளைவுட், அரை இஞ்ச் கம்பி வலை, கிழிந்த நாற்காலியிலிருந்து உரித்த ரெக்சின். காயலான் கடைச் சரக்குதான். ஆனால் தங்கத்தைப் பிரிக்கப் போவது இதுதான் என்றால் கிறுகிறுக்காதா!

இதன் பெயர் டிரை வாஷர். தண்ணீர் ஒரு சொட்டு வேண்டாம். 1862-ல் இந்தப் பக்கம் லா பாஸ் ஓடைகளில் தங்கம் கிடைத்தபோதே பிரச்சினை இதுதான். கொலராடோ ஆறு சில மைல் தள்ளி. தங்கம் கிடந்ததோ வறண்ட ஓடையில். மண்ணை ஆற்றுக்குச் சுமக்காமல் காற்றாலேயே பிரிக்கும் வித்தை இந்த மாதிரி இடங்களுக்கென்றே வந்தது. நம் ஊர் முறத்தில் புடைப்பது மாதிரியேதான்: துள்ளுவது கழிவு, அடியில் தங்குவது காசு.

தங்கத்தின் அடர்த்தி 19.3, சாதா மணலுக்கு 2.65. ஏழு மடங்குக்கு மேல்! அப்புறம் என்ன கவலை என்கிறீர்களா? தண்ணீருக்குள் இரண்டும் எடை இழக்கும். இழந்தபின் மிஞ்சும் வித்தியாசம் 11 மடங்கு. காற்று அந்த உதவியைச் செய்வதில்லை. அதனால்தான் இந்தப் பெட்டிக்கு இத்தனை சேட்டை.

மேலே சல்லடை, கல் உருண்டு வெளியே போய்விடும். கீழே சாய்வாக ஒரு தட்டு, அதில் குறுக்குப் பட்டைகள், தட்டின் அடியில் துணி, துணிக்குக் கீழே துருத்தி. இதில் உயிர்நாடி எது தெரியுமா? அந்தத் துணி! கராஜ்காரர் ஒவ்வொரு துண்டாக உதட்டில் வைத்து ஊதிப் பார்க்கிறார். நெசவு நெருக்கமென்றால் காற்று ஏறாது. இளகலென்றால் பொடித் தங்கம் நழுவித் துருத்திக்குள் குடியேறிவிடும். புடவைக் கடையில்கூட இவ்வளவு நேரம் யாரும் துணி பார்த்ததில்லை.

அடுத்த ரகசியம், காற்று விட்டு விட்டு வர வேண்டும். ஒரே சீராக ஊதினால் மணலில் ஓட்டை விழுந்து, காற்று அந்த வழியே தப்பித்துவிடும். ‘புஸ்... புஸ்...’ என்று வந்தால் மணல் படுக்கை லேசாகத் தூக்கி விழும். விழும்போது கனமானது முந்திக்கொண்டு பட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். லேசானது பட்டையைத் தாண்டிச் சாய்வில் இறங்கிவிடும். வைப்பர் மோட்டார் சுற்ற, துருத்தி திறந்து மூட, பெட்டி மொத்தமும் உதறுகிறது. துருத்தி கட்டப் பொறுமை இல்லாதவர்கள் தோட்டத்தில் சருகு ஊதும் பிளோயரைச் செருகிவிடுகிறார்கள். காற்றுப் பாதையில் ஒரு சின்ன விசிறி, அதன் ஒரு பக்கம் மட்டும் கூடுதலாக ஒரு நட்டு; உதறல் தயார்!

சோதனைதான் சூப்பர். தோட்டாவில் இருக்கும் குட்டி ஈயக் குண்டுகளைச் சுத்தியால் தட்டையாக்கி, எண்ணி மணலில் கலந்து ஓட்டுகிறார்கள். ஈயத்தின் அடர்த்தி 11.3. ஈயமே தங்கிவிட்டால் தங்கம் எங்கே ஓடும்? குண்டு குறைந்தால் சாய்வைக் கொஞ்சம் தணித்து மறுபடியும் ஓட்டம்.

எடிசனே இதில் தோற்றவர் என்றால் நம்புவீர்களா? 1900 வாக்கில் நியூ மெக்சிகோவின் ஆர்ட்டிஸ் மலைப் பக்கம் தண்ணீரில்லாமல் தங்கம் பிரிக்க ஆலையே வைத்துப் பார்த்தார். கட்டுப்படியாகவில்லை, மூடிவிட்டார்.

மண் நமுத்திருந்தால் எந்தப் பெட்டியும் வேலைக்காகாது. களிமண் கட்டிக்குள் தங்கம் சிக்கி, கட்டியோடு சேர்ந்தே உருண்டு போய்விடும். அதனால் முதல் வேலை தார்ப்பாயில் பரப்பிக் காயவைப்பது. கடைசியில் மிஞ்சும் ஒரு பிடி கருமணலை வீட்டுக்குக் கொண்டுபோய் வாளித் தண்ணீரில் அலசுகிறார்கள். பாத்திரம் தேய்க்கும் சோப்பு ஒரு சொட்டு விட்டால் பொடித் தங்கம் மிதக்காமல் அடியில் இறங்கும்.

ஆசை வந்துவிட்டதா? மோட்டாருக்கு முன்னால் நல்ல முகமூடி வாங்குங்கள். பறக்கும் தூசியில் சிலிக்கா இருக்கிறது, அதனால் வரும் நுரையீரல் நோய்க்குக் குணமே கிடையாது. காற்று வரும் பக்கமாக நின்று மண்ணைக் கொட்டுங்கள். அடுத்தவர் உரிமை பதிந்த இடமா என்று விசாரிக்காமல் மண்வெட்டியைத் தொடாதீர்கள்.