காப்பிப் பழத்தின் கள்வர்கள்

காலைக் காப்பி சற்றுத் தாமதமானால் நம் வீடுகளில் எவ்வளவு கலவரம் உண்டாகிறது! ஆனால் அந்தக் காப்பிக்கு மலைமேல் நேரும் ஆபத்தைப் பற்றி நாம் எண்ணிப் பார்ப்பது அபூர்வம்.

போடிநாயக்கனூர் என்றதும் ஏலக்காயின் மணந்தான் நினைவுக்கு வரும். அவ்வூருக்கு மேலே குரங்கணி, கொட்டகுடி முதலிய இடங்களின் மலைச் சரிவுகளில், மரநிழலில் காப்பியும் விளைகிறது. பழம் சிவக்கும் காலத்தில், சிறு தோட்டக்காரரின் ஒரு வருஷத்து வரும்படி கிளைகளிலே தொங்குகிறது.

காப்பிப் பயிருக்கு உலை வைக்க வல்லது எள்ளினும் சிறிய ஒரு கரிய வண்டு. காய்த்துளைப்பான் என்று அதற்குப் பெயர். ஆப்பிரிக்காவைப் பிறப்பிடமாகக் கொண்ட இவ்வண்டு, இந்தியாவில் 1990-ஆம் ஆண்டில் நீலகிரி ஜில்லாவின் கூடலூர்ப் பகுதியில் முதன்முதலாகக் காணப்பட்டது. பிறகு குடகு, வயநாடு என்று பரவியது. பெண் வண்டு பழத்தின் நுனியில் துளையிட்டு, கொட்டையைக் குடைந்து, உள்ளே முட்டையிடுகிறது. புழுக்கள் தாம் பிறந்த வீட்டையே தின்று வளர்கின்றன!

இக்கள்வன் தனியாகவும் வருவதில்லை. வண்டின் உடலில் ஒட்டிக்கொண்டும் அதன் குடலுக்குள்ளும் பூஞ்சண வித்துக்கள் பிரயாணம் செய்வதை விஞ்ஞானிகள் கண்டிருக்கிறார்கள். துளை வழியே அவை கொட்டையை அடைகின்றன. பறித்த பழம் ஈரத்தோடு குவிந்து கிடந்தால் கேட்க வேண்டியதில்லை. ஆஸ்பெர்ஜில்லஸ் இனத்தைச் சேர்ந்த சில பூஞ்சணங்கள், சிறுநீரகத்துக்குத் தீங்கு செய்யும் ஆக்ரடாக்ஸின் என்ற நஞ்சை உண்டாக்குகின்றன. வறுத்தாலும் அது முழுவதும் அழிவதில்லை. ஐரோப்பிய நாடுகள் காப்பியில் அதற்கு வரம்பு விதித்திருக்கின்றன.

பூஞ்சணங்கள் எல்லாம் பகையல்ல. பவேரியா பாசியானா என்ற ஒன்று வண்டின் மேல் படர்ந்து அதையே கொன்றுவிடுகிறது. முள்ளை முள்ளால் எடுப்பது என்பது இதுதான் போலும்!

எனினும், மேலான பரிகாரம் சுத்தமான அறுவடையே. கிளையிலும் தரையிலும் மிஞ்சிய பழங்களில்தான் வண்டு அடுத்த பருவம் வரை உயிர் பிழைத்திருக்கிறது. ஆகவே படுதா விரித்துப் பறித்து, உதிர்ந்தவற்றையும் பொறுக்கிவிட வேண்டும். பழத்தைச் சுத்தமான களத்தில் மெல்லியதாகப் பரப்பி, ஈரம் நூற்றுக்குச் சுமார் 11 பங்குக்கு மேற்படாமல் உலர்த்த வேண்டும்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. விலைபோகாத பழத்தைப் பொறுக்குவதற்கும் கூலி கொடுத்தாக வேண்டும். விலை சரிந்த வருஷத்தில் இந்தச் செலவைத்தான் முதலில் குறைக்கத் தோன்றும். ஆனால் ஒருவர் அசட்டையாக இருந்தால், அண்டைத் தோட்டக்காரரின் உழைப்பும் வீணாகிவிடும். வண்டுக்கு வேலி ஏது? போடி மலைச் சரிவிலும் சரி, நீலகிரியிலும் சரி, இது ஊர் கூடி இழுக்க வேண்டிய தேர்.

கொட்டையாகக் காப்பி வாங்கும் குடும்பத்தினரும் ஒரு கை கொடுக்கலாம். ஊசித்துளை மலிந்த கொட்டையையும், பூஞ்சண வாடை வீசும் கொட்டையையும் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். நல்ல சரக்குக்கு மட்டுமே நாம் விலை கொடுத்தால், சுத்தமாக அறுவடை செய்கிறவருக்கு அந்தக் கூலி நஷ்டமாகத் தோன்றாது.